லாடம் தேயும்வரை காத்திருக்காதீர்கள்

அந்தியூர் ஆடிச் சந்தையில் நான்கு வயதுக் கத்தியவார் பெண்குதிரை ஒன்றை வாங்கி வந்திருக்கிறீர்கள். முன்னங்கால் இரண்டிலும் லாடம் இருக்கிறது, பின்னங்காலில் இல்லை. பக்கத்து ஊரில் மாட்டுக்கு லாடம் கட்டுகிறவர் ஒருவர் இருக்கிறார். அவரை வைத்தே நாலு காலுக்கும் அடித்துவிடலாமா, அடிக்கும்போது வலிக்குமா, ஒருமுறை அடித்தால் எத்தனை மாதம் தாங்கும், லாடமே போடாமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் லாடம் அடிக்கிறவன் இல்லை. அப்பா பழனி அடிவாரத்தில் குதிரை வண்டி ஓட்டினார். லாடக்காரர் வரும்போதெல்லாம் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை. இப்போது சொந்தமாக மூன்று குதிரை வைத்திருக்கிறேன். கயிறு இன்னும் என் கையில்தான். நின்று பார்த்ததையும், கால்நடை மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், இரண்டு முறை கையைச் சுட்டுக்கொண்டு கற்றதையும் எழுதுகிறேன்.

முதலில் வலி. "லாடம் கட்டிடுவேன்" என்று போலீஸ்காரர் மிரட்டுவதைக் கேட்டுக் கேட்டு, லாடம் என்றாலே உள்ளங்காலில் அடி என்று நமக்குப் பதிந்துவிட்டது. குதிரை விஷயத்தில் அப்படி இல்லை. குளம்பின் வெளிச்சுவர் நம் நகம் மாதிரி, அதே கெரட்டின். அதில் நரம்பும் கிடையாது, ரத்தமும் ஓடாது. காலைத் தூக்கி அடியில் பாருங்கள். ஓரம் முழுக்க, சுண்டுவிரல் அகலத்துக்கு அந்தச் சுவரின் விளிம்பு தெரியும். அதை ஒட்டி உட்பக்கம் மங்கிய மஞ்சளில் மெல்லிய கோடு ஒன்று ஓடும். பெயர் என்னவோ வெள்ளைக்கோடு. ஆணி அந்தக் கோட்டின் வெளியோரத்தில் இறங்கி, சுவர் வழியாகவே மேலேறி, வெளியே தலைகாட்ட வேண்டும். கோட்டைத் தாண்டி உள்ளே போனால் உயிருள்ள சதை.

லாட ஆணி ஒன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள், விஷயம் புரியும். தச்சு ஆணி மாதிரி உருண்டையாக இருக்காது, பட்டையாக இருக்கும். நுனியில் ஒரு பக்கம் மட்டும் சரிவாகச் சீவியிருக்கும். அந்தச் சரிவு பாதத்தின் நடுவைப் பார்த்திருக்கும்படி வைத்து அடித்தால், ஆணி போகப்போக வெளிப்பக்கம் வளைந்து சுவரைத் துளைத்துக்கொண்டு வந்துவிடும். திருப்பி வைத்தால் நேராகச் சதைக்குள் போகும். எது உட்பக்கம் என்று தடவிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகவே ஆணித் தலையின் அந்தப் பக்கத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள்.

எங்கள் பழைய லாடக்காரர் கண்ணைவிடக் காதைத்தான் நம்புவார். ஆணி கெட்டியான சுவரில் ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் சத்தம் "டங், டங்" என்று இறுகிக்கொண்டே போகும். வழிதவறி மெத்தென்ற இடத்துக்குத் திரும்பினால் "பொத்" என்று அமுங்கும். அப்படி ஒரே ஒரு சத்தம் கேட்டால் போதும், அவர் நிறுத்திவிடுவார். குறடால் பிடுங்கி, ஆணியை வெளிச்சத்தில் பிடித்து, ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பார். நல்லபடி வெளியே வந்த ஆணியின் நுனியைச் சுத்தியின் பின்கொம்பால் முறுக்கி ஒடித்துவிட்டு, மிச்சத்தை மடக்கி அரத்தால் ராவுவார். குதிரை அந்த நேரமெல்லாம் வைக்கோலை மென்றுகொண்டிருக்கும்.

தப்பித் தவறிக் குத்திவிட்டால் குதிரை வெடுக்கென்று காலை இழுக்கும். உடனே ஆணியைப் பிடுங்கி, ஓட்டையில் போவிடோன் அயோடின் விட்டு, அந்த ஓட்டையைச் சும்மா விட்டுவிட வேண்டும். இன்னொரு வகை உண்டு. ஆணி சதையைக் குத்தாது, ஒட்டினாற்போலப் போய் அழுத்திக்கொண்டு நிற்கும். அன்றைக்கு ஒன்றும் தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்து நொண்டும். லாடம் அடித்த ஒரு வாரத்துக்குள் குதிரை நொண்டினால் முதலில் ஆணியைச் சந்தேகப்படுங்கள். அப்புறம், டெட்டனஸ். மாட்டைவிட, நாயைவிடக் குதிரைக்கு அது வெகு எளிதில் வரும், வந்தால் பிழைப்பது கடினம். சந்தையில் வாங்கிய குதிரை. தடுப்பூசி போட்டதற்குச் சீட்டு தந்திருக்க மாட்டார்கள். லாடக்காரரைக் கூப்பிடுமுன் டாக்டரைக் கூப்பிட்டு அந்த ஊசியைப் போட்டுவிடுங்கள்.

சரி, மாட்டு லாடக்காரர். அவர் தொழிலைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் அது வேறு தொழில். மாட்டின் குளம்பு இரண்டாகப் பிளந்தது. ஒவ்வொரு பாதிக்கும் தனித்தனித் தகடு. மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்து, நாலு காலையும் சேர்த்துக் கட்டி அடிப்பார்கள். குதிரை நின்றபடியே காலைக் கொடுக்க வேண்டும். குதிரையைக் கீழே தள்ளி லாடம் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை அனுப்பிவிடுங்கள். அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ரெடிமேட் லாடத்தை வைத்து ஆணியடித்துவிட்டு, வெளியே துருத்திக்கொண்டிருக்கும் குளம்பை அரத்தால் ராவிச் சமப்படுத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். செருப்புக்காகக் காலை வெட்டுகிற கதைதான் இது. லாடத்தைத்தான் குளம்பின் வடிவத்துக்குத் தட்டி வளைக்க வேண்டும். முன்னங்குளம்பு வட்டமாக இருக்கும், பின்னங்குளம்பு சற்றுக் கூராக இருக்கும். இரண்டுக்கும் ஒரே லாடத்தை நீட்டுகிறவருக்குக் குதிரைக்கால் தெரியாது என்று அர்த்தம்.

நம் பக்கம் குதிரை லாடக்காரர் கிடைக்காதது இன்று நேற்றுக் குறை இல்லை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்: இங்கே ஆண்ட சகோதரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு ஆண்டுக்கு 2,000 குதிரைக்குமேல் கடல் வழியாக இறக்குமதி செய்தார்களாம், ஆண்டு முடிவதற்குள் 100 குதிரைகூட மிஞ்சாதாம். குதிரையைப் பராமரிக்கத் தெரியவில்லை, லாடம் அடித்து வைத்தியம் பார்க்க ஆளும் இல்லை என்கிறார். குதிரை விற்க வந்த வணிகர்கள் அப்படிப்பட்ட ஆட்களைத் தாங்களும் கூட்டி வரவில்லை, வேறு யாரும் வராமலும் பார்த்துக்கொண்டார்கள். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு வியாபாரம். எண்ணிக்கையில் கொஞ்சம் மிகை இருக்கலாம். அந்த வியாபாரக் கணக்கு மட்டும் மிகையாகத் தெரியவில்லை. சந்தையில் குதிரை விற்றவர் உங்களிடம் குளம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசினாரா, நினைத்துப் பாருங்கள்.

இனி, எத்தனை மாதம் தாங்கும் என்ற கேள்வி. எல்லோரும் கேட்கிற கேள்வி இதுதான், கேட்கிற விதத்திலேயே தப்பு இருக்கிறது. லாடம் எத்தனை மாதம் வேண்டுமானாலும் தாங்கும். குளம்பு தாங்காது.

குளம்பு மாதத்துக்குக் கிட்டத்தட்ட 1 சென்டிமீட்டர் வளர்கிறது. மேலே ரோமம் முடிகிற விளிம்பில் புறப்பட்ட குளம்புச் சுவர், முன்பக்கத்தில் தரைக்கு வந்து சேர 9 முதல் 12 மாதம் ஆகும். வெறுங்காலோடு நடக்கிற குதிரைக்கு வளர்வதைத் தரையே தேய்த்துவிடும். லாடம் அடித்த அன்றோடு அந்தத் தேய்மானம் நின்றுவிடுகிறது, வளர்ச்சி நிற்பதில்லை. அதிலும் ஒரு வஞ்சகம் இருக்கிறது. ஒவ்வொரு முறை காலை ஊன்றும்போதும் குதிகால் பக்கம் மயிரிழை அகலத்துக்கு விரிந்து சுருங்கும். அதனால் குதிகால் லாடத்தின்மேல் உரசி உரசிக் கொஞ்சம் தேய்கிறது. முன்பக்கம் ஆணியில் இறுகிக் கிடப்பதால் தேய்வதே இல்லை. ஆக, நாளாக நாளாக முன்பக்கம் நீளும், குதிகால் தாழும். முன்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் நீண்ட செருப்பைப் போட்டுக்கொண்டு ஓடிப் பாருங்கள்; ஒவ்வோர் அடியிலும் பாதம் புரண்டு எழுவதற்குள் கெண்டைக்கால் நரம்பு இழுக்கும். குதிரைக்கு அந்த இழுப்பு காலின் பின்பக்கத் தசைநாரில் விழும்.

நான் முதலில் கையைச் சுட்டுக்கொண்டது இதில்தான். புது லாடம், நல்ல கனம். நாலு மாதம் கழித்தும் பாதிகூடத் தேயவில்லை. காசு மிச்சம் என்று விட்டுவிட்டேன். ஐந்தாவது மாதம் முன்னங்கால் பின்பக்கம் வாழைக்காய் மாதிரி புடைத்தது. அந்தக் குதிரை மறுபடி ஓட்டத்துக்கு வர ஏழு மாதம் ஆனது. பார்க்க வந்த டாக்டர் புடைப்பைத் தொடுவதற்கு முன்பே குளம்பைப் பார்த்துவிட்டு, "கடைசியா எப்ப சீவினீங்க?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே 5, 6 வாரத்துக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்ற வேண்டும். குளம்பைச் சீவி, மட்டம் பார்த்து, லாடம் நன்றாக இருந்தால் அதையே திரும்ப அடிக்கலாம். மழைக்காலத்தில் பச்சைப்புல் கிடைக்கிறபோது வளர்ச்சி வேகம் கூடும். அப்போது ஐந்தாவது வாரத்தைத் தாண்ட வேண்டாம். நாள் கணக்கு மறந்துவிட்டாலும் குளம்பே சொல்லும். மடக்கி ராவிய ஆணிமுனைகள் விரலில் நெருடத் தொடங்கும். சுவர் லாடத்தின் ஓரத்தைத் தாண்டி வழியும். லாடத்தின் வால் பகுதி, அதாவது பின்முனை, குதிகாலுக்குள் புதைந்தாற்போலத் தெரியும்.

நீங்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, ஆணி எங்கே இருக்கிறது என்பது. பாதத்தின் அகலமான இடத்துக்குப் பின்னால் ஆணி அடிக்கக் கூடாது. அடித்தால் நான் சொன்ன அந்த விரிந்து சுருங்குவது நின்றுபோகும். லாடம் விழாமல் இருக்கட்டும் என்று எட்டாவது ஒன்பதாவது ஆணியைக் குதிகால் பக்கம் இறக்குகிறவர்கள் உண்டு. ஆறு அல்லது ஏழு ஆணி, எல்லாம் முன்பாதியில், போதும்.

இனி, உங்கள் குதிரைக்கு லாடம் வேண்டுமா? நீங்கள் எங்கே ஓட்டப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. தோட்டத்து மண்ணிலும் வண்டித் தடத்திலும் வாரத்துக்கு நாலு நாள் சவாரி என்றால் வேண்டாம் என்பேன். கத்தியவார், மார்வாரிக் குதிரைகளுக்குப் பொதுவாகக் கெட்டியான குளம்பு. தார்ச்சாலையில் தினமும் மிதமான ஓட்டமோ, வண்டியோ என்றால் வளர்வதைவிட வேகமாகத் தேயும். அப்போது லாடம் வேண்டும். நின்றுகொண்டிருக்கும்போது எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்காலில்தான் இறங்குகிறது, அதனால் முன்னங்காலுக்கு மட்டும் லாடம் என்பது அரைகுறை வேலை இல்லை. உங்களுக்கு விற்றவர் அந்த அளவில் சரியாகவே செய்திருக்கிறார். ரேஸ் குதிரைகளுக்குப் போடுகிற அலுமினிய லாடத்தை யாராவது பெருமையாகக் காட்டினால் வாங்காதீர்கள். அது எடை குறைய வேண்டும் என்று செய்தது, தார்ச்சாலையில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

லாடம் இல்லாத காலத்திலும் குதிரைப்படைகள் இருந்தன. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கக் குதிரைவீரர் செனபோன் தன் யோசனையாக எழுதியது: லாயத்துக்கு வெளியே கைப்பிடி அளவு உருண்டைக் கற்களை நாலைந்து வண்டி கொட்டிப் பரப்பி, தினமும் கொஞ்ச நேரம் குதிரையை அதன்மேல் நிற்க வையுங்கள், குளம்பு இறுகும். நான் ஆற்றுக் கூழாங்கல் இரண்டு டிராக்டர் அடித்துத் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிப் பரப்பியிருக்கிறேன். குடிக்க வரும்போதெல்லாம் அதன்மேல்தான் நின்றாக வேண்டும். பலன் இருக்கிறது. ஆனால் லாடத்தைக் கழற்றிய மறுநாளே கல்லில் விடாதீர்கள், உள்ளங்கால் கூசும். மெத்தென்ற மண்ணில் சில வாரம் நடக்கவிட்டு, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக. வெறுங்காலுக்கும் 6, 7 வாரத்துக்கு ஒருமுறை ஓரம் ராவித்தான் ஆகவேண்டும். லாடம் இல்லாவிட்டால் லாடக்காரரும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

தினமும் செய்ய வேண்டியது ஐந்து நிமிட வேலை. குளம்புக் கொக்கியால் குதிகாலிலிருந்து முன்பக்கம் நோக்கிச் சுரண்டிச் சாணியையும் கல்லையும் எடுங்கள். பாதத்தின் நடுவில் ரப்பர் மாதிரி ஒரு முக்கோணம் இருக்கும். டாக்டர்கள் ஃபிராக் என்பார்கள். கொக்கி அதைக் குத்தக் கூடாது. அதன் இரு பக்கமும் இருக்கும் பள்ளத்தில்தான் அழுக்கு தங்கும். அங்கே கறுப்பாகப் பிசுபிசுத்து, ஒருமுறை முகர்ந்தால் நாலு நாளைக்கு மறக்காத நாற்றம் வந்தால், அழுகல் தொடங்கிவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் இது சகஜம். நன்றாகக் கழுவித் துடைத்து, உலர்ந்தபின், மயில்துத்தம் கரைத்த தண்ணீரில் நனைத்த பஞ்சைப் பள்ளத்தில் வையுங்கள். மருந்தைவிடத் தரைதான் முக்கியம்: மூத்திரம் தேங்குகிற சிமெண்டுத் தரையில் நிற்கிற குதிரைக்கு எந்த மருந்தும் பிடிக்காது. திருவிழாவுக்கு முன்னால் குளம்பில் கழிவு எஞ்சின் ஆயில் பூசிப் பளபளக்க வைப்பார்கள், அதையும் செய்யாதீர்கள். பளபளப்பைத் தவிர அதில் ஒன்றும் இல்லை.

குளம்பு வெடிப்பாக, பொருபொருவென்று இருந்தால் பயோட்டின் என்ற வைட்டமின் கொடுக்கலாம், நாளுக்கு 15 முதல் 20 மில்லிகிராம். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட குளம்பை அது ஒன்றும் செய்யாது; புதிதாக வளர்வதுதான் நன்றாக வரும். அதனால் ஆறு மாதத்துக்குள் பலன் கேட்காதீர்கள்.

கடைசியாக, இரண்டாவது முறை கையைச் சுட்டுக்கொண்டது. குளம்பு கெடுவது அடியிலிருந்து மட்டும் இல்லை, வாயிலிருந்தும்தான். ஒரு தை மாத ராத்திரி தீவன அறைக்குத் தாழ் போட மறந்துவிட்டேன். காலையில் பார்த்தால் மக்காச்சோள மூட்டை பாதி காலி. குதிரை நன்றாகத்தான் நின்றது. வயிறு உப்பவில்லை, புரளவில்லை. தப்பித்தது என்று நினைத்து டாக்டருக்குச் சொல்லவில்லை. மறுநாள் விடிகாலையில் முன்னங்கால் இரண்டையும் முன்னால் நீட்டி, எடை முழுவதையும் பின்னங்காலில் போட்டுச் சாய்ந்து நின்றது. ஓர் அடி எடுத்து வைக்கவில்லை. குளம்பைத் தொட்டால் சுட்டது.

உள்ளே நடப்பது இதுதான். குளம்புக்குள் இருக்கிற எலும்பு அடியில் எதன்மேலும் உட்கார்ந்திருக்கவில்லை. சுவரின் உட்பக்கத்தில் சுமார் 600 மெல்லிய மடிப்புகள் இருக்கின்றன, எலும்பின் பக்கமும் அதே மாதிரி மடிப்புகள். இரண்டு சீப்பின் பற்களைக் கோத்தாற்போல அவை பிணைந்து எலும்பைத் தொங்கவிட்டிருக்கின்றன. மாவுச்சத்து அளவுக்கு மீறிப் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்தால், அதில் கிளம்பும் நஞ்சு அந்தப் பிணைப்பைத் தளர்த்திவிடுகிறது. எலும்பு இறங்கும், அல்லது முன்பக்கம் திரும்பும். மீன் கடையிலிருந்து ஐஸ் வாங்கி வந்து இரண்டு நாள் முன்னங்கால்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்தினேன். டாக்டர் சொன்னார், தின்ற அன்றைக்கே நிறுத்தியிருக்க வேண்டும், நொண்டிய பிறகு பாதிப் பலன்தான். எக்ஸ்ரேயில் எலும்பு லேசாகத் திரும்பியிருந்தது. புதுச் சுவர் முழுக்க வளர்ந்து இறங்க ஒரு வருடம் ஆனது.

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்பது மனிதர்களுக்குச் சொன்னது. கழுத்தின் மேல்விளிம்பு கெட்டியாகத் தடித்த குதிரைக்குக் கொள்ளையும் சோளத்தையும் அள்ளி வைக்காதீர்கள். தீவனத்தை மாற்றுவதானால் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள். கணுமூட்டின் பின்பக்க ஓரத்தில் இரு விரல் வைத்து நாடி பார்க்கப் பழகுங்கள். ஆரோக்கியமான குதிரைக்கு அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். தேடாமலே விரலில் துள்ளினால் குளம்புக்குள் ஏதோ நடக்கிறது. ஒரே காலில் துள்ளினால் பெரும்பாலும் சீழ். இரு முன்னங்காலிலும் துள்ளினால் மேலே சொன்ன வியாதியோ என்று பயப்பட்டு உடனே டாக்டருக்கு போன் போடுங்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. முன்னங்கால் லாடம் என்றைக்கு அடித்தது என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே நாள் கடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். சந்தையில் சவாரிக்குதிரை வைத்திருக்கிறவர்களிடம் விசாரித்தால் அவர்கள் கால் பார்க்கிற ஆளின் நம்பர் கிடைக்கும். நாலைந்து குதிரைக்காரர்கள் சேர்ந்து ஒரே நாளில் வரவழைத்தால் அவருக்கும் கட்டுப்படியாகும். கழற்றுகிற லாடத்தைத் தூக்கிப் போடாதீர்கள், மோதிரம் செய்யக் கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள். அதில் படிக்க நிறைய இருக்கிறது. குளம்பைத் தொட்டிருந்த மேல்பக்கத்தில், வால் பகுதியில் கண்ணாடி மாதிரி வழவழப்பாக இரண்டு தேய்மானம் இருந்தால் குதிகால் விரிந்து சுருங்கியிருக்கிறது, நல்லது. தரைப்பக்கத்தில் லாடத்தின் ஒரு பக்கத்து வளைவு மட்டும் அதிகம் தேய்ந்திருந்தால் கால் கோணலாக விழுகிறது. அதை லாடக்காரர் சீவ ஆரம்பிக்குமுன் அவரிடம் காட்டுங்கள்.

அவர் வருவதற்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்து நாளும் காலையும் மாலையும் நாலு காலையும் தூக்கிப் பழக்குங்கள். தூக்கிய காலை உடனே விடாமல் இரண்டு நிமிடம் பிடித்திருங்கள், ஒரு சிறிய கல்லால் லாடத்தில் லேசாகத் தட்டுங்கள். முதல் நாள் உதறும், நாலாவது நாள் உங்கள்மேல் சாய்ந்து தூங்கப் பார்க்கும். அப்போது தாங்கிக்கொண்டு நிற்காமல் நகர்ந்துவிடுங்கள், இல்லாவிட்டால் அதுவே பழகிவிடும். லாடக்காரர் முதுகு போய்விடும், அடுத்த முறை கூப்பிட்டால் வரமாட்டார்.